சீட் இடுக்கில் வந்த கை

இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கும் கைப்பிடி யாருக்குச் சொந்தம்? விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். எனக்கு இன்றுவரை தெரியாது. நடு சீட்காரருக்குத்தான் இரண்டு கைப்பிடியும் என்று சிலர் சட்டம் பேசுவார்கள். ஜன்னல்காரருக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது, ஓரத்துக்காரருக்குக் காலை நீட்ட இடம் இருக்கிறது, நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு என்ன இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நடு சீட்டில் ஒரு தடித்த மனிதர் இரண்டு முழங்கையையும் பரப்பிக் குறட்டை விடும்போது, பக்கத்தில் ஒடுங்கிக் கிடக்கும் பெண்ணைப் பார்த்தால் அந்த நியாயம் எங்கே போகிறதென்று தெரியவில்லை.

செங்கல்பட்டில் விமானப் பணிக்குப் பெண்களைத் தயார் செய்யும் பயிற்சி நிலையம் ஒன்றில் வாரம் ஒரு நாள் பேசுகிறேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வரும், அதனால்தான். போன வாரம் கருங்குழியிலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "மேம், ரெண்டு பேசஞ்சர் சண்ட போட்டா நாம யாரு பக்கம் பேசணும்?" என்று கேட்டாள். "யார் பக்கமும் பேசக் கூடாது" என்று பாடத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். அவளும் தலையாட்டி உட்கார்ந்துவிட்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவிடந்தையில் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு ஆறவில்லை. யார் பக்கமும் பேசாமல் இருப்பது எப்படி என்று அவள் அடுத்த கேள்வி கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். அதனால் இதை எழுதுகிறேன். கடைசியில் பதில் கிடைக்கும் என்று நம்பிப் படிக்காதீர்கள்.

எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தீயை அணைக்க, கதவைத் திறக்க, தண்ணீரில் இறங்கினால் ஆட்களை வெளியே தள்ள, ஆடும் விமானத்தில் காபி சிந்தாமல் ஊற்ற, எதற்கும் சிரிக்க. இதெல்லாம் தெரிந்துகொண்டு வேலைக்குப் போனால், தீயும் வரவில்லை, தண்ணீரிலும் இறங்கவில்லை. வந்ததெல்லாம், "முன்னாடி இருக்கறவர் சீட்டைச் சாய்க்கிறார், நான் எப்படிச் சாப்பிடுறது?" என்பதுதான். சாய்க்கிறவரைக் கேட்டால், "பொத்தான் வெச்சிருக்கானே, எதுக்கு வெச்சான்?" என்பார். அதுவும் சரிதானே. சாய்க்கக் கூடாதென்றால் பொத்தான் எதற்கு?

மரியாதை கெட்டவர்களைச் சமாளிப்பது சுலபம். மரியாதை தெரிந்தவர்களிடம்தான் நான் திண்டாடிப் போயிருக்கிறேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து காசிக்குப் போன ஒரு கூட்டத்தில் ஒரு அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இரண்டு பேரும் காலை நீட்டித் தூங்கிவிட்டார்கள். அந்த அம்மாளுக்குக் கழிவறை போக வேண்டும். தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகக் கூடாது, தூங்குகிறவர்களை எழுப்பவும் கூடாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தவரை நான்தான் கவனித்தேன். எழுப்பியதும் ஓரத்தில் இருந்த வடநாட்டுக்காரர் என்னைத்தான் திட்டினார். "ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன ராட்சசனா?" அவரும் நல்ல மனிதர்தான்.

இதையெல்லாம் விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது என் கடைசி வருட வேலையில் நடந்த ஒன்று. அதைச் சொல்லுமுன் லீலா மேடத்தைச் சொல்ல வேண்டும்.

லீலா மேடம் மங்களூர்க்காரர், எங்கள் கேபின் சூப்பர்வைசர். தமிழ் அரைகுறையாகப் புரியும், பேசுவது ஆங்கிலத்தில். அவர் சொன்னதை நான் இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். பயணி குரலை உயர்த்த உயர்த்த மேடம் குரலைத் தாழ்த்துவார். கத்துகிறவர் தன் பேச்சை நிறுத்தினால்தான் மேடம் சொல்வது காதில் விழும். நின்றுகொண்டு பேச மாட்டார். நடைபாதையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பயணியை அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார். "என்ன நடந்தது?" என்று முதலில் கேட்கவே மாட்டார். "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லாம் முடிந்தபின் பின்பக்கச் சமையல் மூலைக்குப் போய் வெந்நீர் குடிப்பார். யார் செய்தது தப்பு என்று எங்களோடு வம்பு பேச மாட்டார். எனக்கு அது பிடிக்காது. கல் நெஞ்சுக்காரி என்று பல தடவை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அன்றைக்குச் சென்னையிலிருந்து மும்பைக்கு மத்தியான விமானம். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்த நேரம். பின் வரிசை ஒன்றில் அழைப்பு விளக்கு எரிந்தது. போனால், ஜன்னல் சீட்டில் இருக்க வேண்டிய பெண் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் நிவேதா. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, மும்பை அலுவலகத்துக்கு அடிக்கடி போய் வருகிறவள். கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்.

"பின்னால இருக்கறவர் என்மேல கை வெச்சார். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு இல்ல, அதுல கைய விட்டார். இங்க பட்டுது" என்று விலாவுக்கு மேலே, கையும் உடம்பும் சேரும் இடத்தைக் காட்டினாள்.

பின் சீட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெயிலில் கறுத்த முகம், அறுபதை ஒட்டிய வயது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சந்து வழியாகக் கை வரும் என்பது எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தில் பட்டுவிட்டது, பெல்ட்டைத் தேடினேன் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் இடுப்பைத் தொட்டுத் தண்ணீர் கேட்டவர்கள் எத்தனை பேர். எல்லோரும் "சாரி சிஸ்டர்" என்று சிரித்தவர்கள்தான்.

அதற்குள் எதிர் வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். லீலா மேடம் வந்தார். ஒன்றும் பேசாமல் அந்தப் போனின் கண்ணுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து நின்றார். அவர் போனை இறக்கினார். பிறகு மேடம் முழங்காலிட்டு நிவேதாவிடம் கேட்டார்: "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?"

"அவர் என் பின்னால இருக்கக் கூடாது."

புகார் சொன்னவரை இடம் மாற்றக் கூடாது, புகாருக்கு ஆளானவரைத்தான் மாற்ற வேண்டும் என்பது மேடத்தின் கண்டிப்பு. எழுந்து மூட்டை முடிச்சோடு நடப்பவரைத்தான் எல்லோரும் குற்றவாளியாகப் பார்ப்பார்கள் என்பார். விமானம் நிறைந்திருந்தது. முன்பக்கம் ஒரு ஆண் பயணியைக் கெஞ்சிப் பின்னால் வரவைக்க வேண்டியிருந்தது. அணுமின் நிலைய நகரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். தான் கேட்டு வாங்கிய இடத்தை விட்டு எழுந்த கடுப்பில், "ஃபர்ஸ்ட் டைம் ஃப்ளைட்ல வர்றவனுங்க இப்படித்தாம்மா. பஸ்ஸுன்னு நெனச்சுக்கறானுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அவரையும் பிடிக்கவில்லை.

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், பிறகு கேப்டனுக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னால் கேப்டன் தரைக்குத் தகவல் கொடுப்பார். இறங்கியதும் காவலர்கள் வந்து அந்த மனிதரை அழைத்துப் போவார்கள். அன்றைய பொழுது அங்கேயே போய்விடும்.

வெள்ளைச் சட்டைக்காரரை முன்பக்கத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனேன், மேடமும் கூட வந்தார். பெயர் கன்னியப்பன். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம், கடல் தொழில்.

"இன்னாமா, சீட்டு மாறி ஒக்காந்துட்டனா?" என்றார்.

"முன் சீட்டுப் பொண்ணத் தொட்டீங்களா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ஆமாம்மா, தொட்டேன்."

இல்லை என்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.  லீலா மேடம் என் முகத்தைப் பார்த்தார்.

"காலு பட்டுடுச்சிம்மா" என்று அவரே தொடர்ந்தார். "முட்டி புடிச்சிக்கிச்சின்னு அந்தப் பொண்ணு சீட்டுக்கு அடில காலை நீட்னேன். மெத்துனு பட்டுச்சி. அய்யோ, பொண்ணு காலாச்சேன்னு இஸ்துக்கினேன். குனிய எடம் ஏது? கைக்கு எட்னது அந்தச் சந்துதான். தொட்டு இப்டி ஒத்திக்கினேன்." விரல் நுனியால் காற்றைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக் காட்டினார்.

அந்த ஒற்றலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாமல் யார்மேலாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன் வந்துவிடும். நானே கப் விழுந்து காலில் பட்டால் கப்பைத் தொட்டு ஒற்றிக்கொள்வேன். மேடத்துக்கு அதை விளக்கினேன்.

"நீ பார்த்தாயா?" என்றார்.

"பார்க்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில்..."

"அப்படிச் செய்ததாக அவர் சொல்கிறார் என்று எழுது."

கன்னியப்பன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. கேட்டதும் அவர் உட்காரப் போனார், உட்கார இடமில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தம்பி பொண்ணு வயசும்மா அதுக்கு. நான் மன்னிப்புக் கேட்டம்மா. மன்னிப்புக் கேட்டதுக்கா?" என்றார். பிறகுதான் மகனைப் பற்றிச் சொன்னார். "எம்புள்ள மும்பைல கப்பல் பட்டறைல வேலை செஞ்சிகினு இருந்தான். மேல இருந்து வுழுந்துட்டான். சாயங்காலம் தலைல ஆபரேசன். உள்ள இட்டுனு போறதுக்கு முன்ன மூஞ்சியப் பாத்துடணும்னு ஓடியாறேன். என்னப் புடிச்சி வெச்சிக்குவாங்களாம்மா?"

 "பொறுங்க அண்ணாத்த" என்று மட்டும் சொன்னேன். சீருடையில் இருக்கும்போது யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பின்பக்கச் சமையல் மூலையில் நிவேதா நின்றுகொண்டிருந்தாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"கால் பட்டா தொட்டுக்கறது எனக்குத் தெரியாதா மேடம்? நானும் செங்கல்பட்டுதான். ஆனா என் கால் கீழயே இல்ல. ஷூவக் கழட்டிட்டு சீட் மேல சம்மணம் போட்டு உக்காந்திருந்தேன். எதுவும் படல. கை மட்டும்தான் பட்டுது."

அது போதும், அவர் பொய் சொல்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், பொய் சொல்கிறவர் தொட்டேன் என்று ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. நான் அவள் சீட்டுக்குப் போனேன். அவருடைய இடத்தில் கடுப்போடு உட்கார்ந்திருந்த நகரியத்துக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, தரையில் மண்டியிட்டு, அவளுடைய சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். மெத்தென்று பட்டது. லைஃப் ஜாக்கெட் பை. ஒரு பக்கப் பிடி கழன்று கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். சாக்ஸ் போட்ட காலைப் போலத்தான் இருந்தது. அல்லது இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ என்னவோ. அந்தச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

மேடத்திடம் ஓடினேன். "தொங்குகிறது என்று எழுது. கால் மாதிரி இருந்தது என்று எழுதாதே" என்றார்.

"அவருக்குப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அதையாவது அந்தப் பெண்ணிடம் சொல்லட்டுமா?"

"சொல்லக் கூடாது. அவர் மகனைத் தூக்கி அவள் தலையில் வைக்காதே."

எனக்கு வந்த கோபத்தில் மேடத்தின் கையில் இருந்த வெந்நீரைத் தட்டிவிடலாம் போல இருந்தது. ஒரு மனிதன் சாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போகப் போகிறான், அது தெரியாமல் அவள் எப்படி முடிவெடுப்பாள்? சரி, தெரிந்தால் மட்டும் அவளால் சுதந்திரமாக முடிவெடுக்க முடியுமா? இதில் எது நியாயம் என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல மேடம் அனுமதித்தார். நிவேதா அமைதியாகக் கேட்டுக்கொண்டாள்.

"இருக்கலாம். அவர் பொய் சொல்றார்னு நான் சொல்லவே இல்ல. என்னைத் தொட்டார்னுதான் சொல்றேன். ரெண்டுமே உண்மையா இருக்கலாம் இல்ல மேடம்? அவர் மனசுல என்ன இருந்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் உடம்புல என்ன பட்டுதுன்னுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுத் தன் சீட்டுக்குப் போனாள். நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த நேரம் பார்த்துத்தான் நகரியத்துக்காரர் முன்னால் குனிந்து வாயைத் திறந்தார். திரைக்குப் பின்னால் கன்னியப்பன் பேசியது முன்வரிசைகளில் கேட்டிருக்கிறது, அது கைமாறிக் கைமாறி இவர்வரை வந்துவிட்டது. "பாவம்மா அந்த ஆளு. புள்ள சாகக் கெடக்கானாம். பெரிய மனசு பண்ணி விட்டுடும்மா." கொஞ்ச நேரம் முன்னால் பஸ்ஸுன்னு நெனச்சுக்கறானுங்க என்று பேசிய அதே வாய்.

நிவேதா அவரைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "அவர் பையன் நல்லா இருந்தா நான் சொல்றது சரி, பையன் ஆஸ்பத்திரில இருந்தா நான் கெட்டவளா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, விட்டுத் தொலையேன் பெண்ணே என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றேன்.

விமானம் இறங்க ஆரம்பித்தது. கேப்டன் பதில் கேட்டார். லீலா மேடம் மறுபடி அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இறங்கியதும் என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? நீங்கள் எதைச் சொன்னாலும் நான் செய்வேன்."

நிவேதா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மேடம் அவசரப்படுத்தவில்லை. நான்தான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"போலீஸ் வேணாம். ஆனா நடந்தது உங்க ரிப்போர்ட்ல இருக்கணும். தெரியாம பட்டுதுன்னு எழுதக் கூடாது. நான் சொன்ன மாதிரியே எழுதணும். அவர் என்கிட்ட வந்து மன்னிப்பு கின்னிப்பு கேக்க வேணாம். நான் முதல்ல இறங்கிப் போயிடறேன், அப்புறம் அவர விடுங்க."

அப்படியே செய்தோம். சக்கரம் தரையைத் தொட்டதும் வழக்கம்போல எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மேடம் நடைபாதையில் முன்னால் நடந்து ஒவ்வொருவரையாக உட்கார வைத்தார். நிவேதா முதல் ஆளாக இறங்கினாள். கன்னியப்பன் முன்பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் கடந்து போனபோது இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து ஒடுக்கிக்கொண்டார்.

நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, டாக்சி நிற்கும் இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி பெயர் இருந்த போனைப் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் காட்டினார். பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பெட்டியை மேடத்திடம் விட்டுவிட்டு அவரை நோக்கிப் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் நிவேதா அங்கே வந்துவிட்டாள். எங்கே நின்றிருந்தாள், எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

இரண்டு அடி தள்ளி நின்று, போனைக் காட்டச் சொல்லிப் படித்தாள். டாக்சிக்காரரிடம் இந்தியில் பேசிவிட்டுக் கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். "நான் போற வழியில இல்ல. பரவால்ல, வாங்க, நான் வந்து விட்டுட்டுப் போறேன். உங்களுக்கு அங்க பேசத் தெரியாது" என்றாள்.

 பின் கதவைத் திறக்கப் போன கன்னியப்பன் கையை இழுத்துக்கொண்டார். "நீ முன்ன குந்தும்மா. நான் பின்னால ஓரமா..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல. நீங்க முன்னாடி உக்காருங்க" என்று அவளே முன் கதவைத் திறந்தாள். "நான் உங்க பின்னாடி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."